ரெகுலேட்டர் போனால்: புதியதை மாட்டும் முன் பார்க்க வேண்டியவை

சோல்டரிங் ஸ்டேஷன், மல்டிமீட்டர், பாகங்களைச் சோதிக்கும் சின்ன டெஸ்டர், வேண்டிய மின்னழுத்தத்தை வைத்துக்கொள்ளும் பெஞ்ச் பவர் சப்ளை என்று மின்னணு வேலைக்குப் பயன்படும் எந்தக் கருவியைத் திறந்தாலும் உள்ளே எங்காவது ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் இருக்கும். பெரும்பாலும் மூன்று கால்கள் உள்ள ஒரு கறுப்புத் துண்டு. கருவி திடீரென்று நின்றுபோய், திறந்து பார்க்கும்போது அந்தத் துண்டு கருகியிருந்தால், பலரும் உடனே செய்வது ஒன்றுதான்: அதே எண் உள்ள புதியதை வைத்து சுவிட்சைப் போடுவது. சில சமயம் கருவி பிழைத்துக்கொள்ளும். பல சமயம் புதியதும் போகும், அதுவரை நன்றாக இருந்த வேறு சில பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

ரெகுலேட்டரை மாற்றுவது இந்த வேலையில் மிகச் சின்னப் பகுதி. அது எந்த விதத்தில் போனது, ஏன் போனது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகுதான் சோல்டரிங் அயர்னைக் கையில் எடுக்க வேண்டும்.

ரெகுலேட்டர் செய்யும் வேலை

கருவிக்குள் வரும் மின்னழுத்தம் ஒரே அளவில் நிற்பதில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவது ஏறி இறங்கும், பேட்டரியிலிருந்து வருவது மெல்லக் குறையும். ஆனால் கருவியை இயக்கும் சின்னக் கணினிச் சிப்பான மைக்ரோகண்ட்ரோலருக்கும் டிஸ்ப்ளேவுக்கும் 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட் நிலையாக வேண்டும். வாளி எப்போதும் ஒரே வேகத்தில் நிறைய வேண்டும் என்பதற்காக, குழாயில் தண்ணீர் வேகம் கூடும்போதும் குறையும்போதும் ஒருவர் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தால் எப்படியோ, அந்த வேலையைத்தான் ரெகுலேட்டர் செய்கிறது. அதன் உள்ளே ஒரு பவர் டிரான்சிஸ்டர் இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவில் நிற்கிறது. அவுட்புட்டை இடைவிடாமல் அளந்து பார்க்கும் ஒரு சிறு சுற்று அந்த டிரான்சிஸ்டரைத் திறந்தும் மூடியும் சரிசெய்கிறது.

5 வோல்ட் தரும் 7805 போன்ற நேரியல் ரெகுலேட்டர்களில் மிச்சமாகும் மின்னழுத்தம் முழுவதும் வெப்பமாகிறது. ஸ்விட்சிங் வகையில் டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை முழுதாகத் திறந்து மூடும், அதனால் வெப்பம் குறைவு. ஆனால் இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு. பெரிய மின்னழுத்தத்துக்கும் மென்மையான சிப்புகளுக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு சிலிக்கான் துண்டு.

போவதில் இரண்டு விதம்

முதல் விதம், பாதை அறுந்துபோவது. அவுட்புட்டில் 0 வோல்ட் அல்லது மிகக் குறைவு. கருவி இருண்டு கிடக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இதுதான் நல்ல செய்தி. ரெகுலேட்டருக்குப் பின்னால் இருப்பவை அனேகமாகப் பிழைத்திருக்கும்.

இரண்டாவது விதம், உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிடுவது. இன்புட்டில் என்ன வருகிறதோ அது அப்படியே அவுட்புட்டுக்குப் போகும். 5 வோல்ட் எதிர்பார்த்த சிப்புக்கு 12 வோல்ட் அல்லது 30 வோல்ட். பல டெஸ்டர்களில் இருக்கும் ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர் தாங்கும் உச்ச வரம்பு 6 வோல்ட்தான். இஎஸ்பி32-க்கு 3.6 வோல்ட். 74எச்சி வகை லாஜிக் சிப்புகளுக்கு 7 வோல்ட். ஆனால் சிக்னலைப் பெருக்கும் டிஎல்072 போன்ற ஆப்-ஆம்ப் சிப் 30 வோல்ட் சப்ளையில் இயல்பாகவே வேலை செய்யும். ஆகவே ஷார்ட் ஆன ரெகுலேட்டரால் எல்லாமே போய்விட்டது என்று கைவிட வேண்டியதில்லை. அந்த 5 வோல்ட் லைனில் எந்தெந்தச் சிப்புகள் இருக்கின்றன, அவை எத்தனை வோல்ட் தாங்கும் என்று தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில் (டேட்டாஷீட்) பார்த்து ஒரு பட்டியல் போட்டால், எங்கிருந்து சந்தேகப்பட ஆரம்பிப்பது என்பது தெரிந்துவிடும்.

இந்த இரண்டில் சேராத ஒன்றும் உண்டு: ரெகுலேட்டரின் கிரவுண்டு காலில் சோல்டர் விட்டுப்போவது. அளந்து பார்ப்பதற்கான அடித்தளம் போய்விடுவதால் அவுட்புட் இன்புட்டை நோக்கி ஏறிவிடும். ரெகுலேட்டர் நல்லதாகவே இருக்கும், ஆனால் விளைவு ஷார்ட் ஆனது போலத்தான். ஸ்விட்சிங் வகையில் அவுட்புட் அளவைத் திருப்பிச் சொல்லும் ஃபீட்பேக் ரெசிஸ்டரின் இணைப்பு அறுந்தாலும் இதே கதை நடக்கலாம். அதனால் ரெகுலேட்டரைக் கழற்றும் முன் அதன் கால்களில் இருக்கும் சோல்டரை லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

ஏன் போகிறது

பெரும்பாலான சமயம் வெப்பம்தான் காரணம். கணக்கு எளிது: இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் வாட் கிடைக்கும். 12 வோல்ட்டை 5 ஆக்கி 0.05 ஆம்பியர் எடுத்தால் 0.35 வாட். ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாத 7805-க்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி சூடு ஏறும் என்று வைத்துக்கொண்டால், சுற்றுப்புறத்தைவிட 23 டிகிரி கூடுதல். கவலையில்லை. அதே சுற்றில் ஒரு பிரகாசமான டிஸ்ப்ளேவைச் சேர்த்து மின்னோட்டம் 0.3 ஆம்பியர் ஆனால் 2.1 வாட், 136 டிகிரி ஏற்றம். உள்ளே இருக்கும் சிலிக்கானுக்கு அனுமதிக்கப்பட்ட 125 டிகிரியை இது எளிதாகத் தாண்டிவிடும். சூடு அளவு மீறினால் தானே அணைந்துகொள்ளும் ஏற்பாடு 7805-க்குள் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது விபத்துக்கான ஏற்பாடு, தினமும் அதை நம்பி ஓட்டக் கூடாது.

அடுத்தது இன்புட் மின்னழுத்தம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சோல்டரிங் ஸ்டேஷன்களில் இது ஒளிந்தே இருக்கும் பிரச்சினை. பல ஸ்டேஷன்களில் ஹீட்டருக்காக 24 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதே 24 வோல்ட்டை டையோடு பிரிட்ஜில் டிசி ஆக்கி, 7805 வழியாகக் கட்டுப்பாட்டுப் போர்டுக்குக் கொடுப்பார்கள். 24 ஏசி என்பது டிசி ஆன பிறகு 24 அல்ல. உச்சத்தைக் கணக்கிட 1.414-ஆல் பெருக்க வேண்டும். டையோடுகளில் விழும் 1.4 வோல்ட்டைக் கழித்தால் சுமார் 32.5 வோல்ட். 7805-இன் உச்ச வரம்பு 35. இப்போதே விளிம்பில்தான் நிற்கிறது. ஹீட்டர் அணைந்திருக்கும் நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை இல்லாததால் அதன் வெளியீடு 10 சதவீதம் கூடினாலே 36 வோல்ட்டுக்கு அருகில் போய்விடும். மின் இணைப்பிலும் அழுத்தம் கூடுகிற நேரமாக இருந்தால் இன்னும் மேலே. இப்படிப்பட்ட கருவியில் புதிய 7805-ஐ மாட்டினால் அது சில மாதம் ஓடும், பிறகு அதுவும் போகும். குறை 7805-இல் இல்லை, அதை வைத்த இடத்தில் இருக்கிறது.

மூன்றாவது, கெபாசிட்டர்கள். ஹீட் சிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் சூட்டில் மெல்ல வறண்டுபோகும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. அது வறண்டால் ரெகுலேட்டருக்கு வரும் மின்னழுத்தம் குலுங்கும். சில ரெகுலேட்டர்கள் தாமாகவே அலைவுறத் தொடங்கும். 1117 வகை இதில் கொஞ்சம் முரடு, அவுட்புட்டில் போதிய கெபாசிட்டர் இல்லாவிட்டால் நிலையாக நிற்காது.

9 வோல்ட் பேட்டரியை அவசரத்தில் தலைகீழாகத் தொட வைப்பதும் ஒரு காரணம். அரை நொடி போதும்.

திறந்து அளப்பது

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். "எதற்கும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். ஷார்ட் ஆன ரெகுலேட்டர் உள்ள கருவியில், தப்பித்திருக்கும் சிப்பை அந்த ஒரு தடவை கொன்றுவிடும்.

கருவியின் உள்ளே ஸ்விட்சிங் பவர் சப்ளை இருந்தால் மின் இணைப்பு நேராக வரும் அதன் முதன்மைப் பக்கக் கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். 230 வோல்ட் இணைப்பில் அது சுமார் 325 வோல்ட் டிசி. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யக் கூடாது. சில கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளால் இணைத்து வடியவிட்டு, மீட்டரில் 0 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்களுக்கு என் ஆலோசனை, இந்தப் பக்கத்தில் கையே வைக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பிந்தைய குறைந்த மின்னழுத்தப் பகுதியிலேயே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். ஒன்று, ரெகுலேட்டரின் இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவில். முனைகளை மாற்றி வைத்தாலும் இரு திசையிலும் ஓரிரு ஓம் மட்டுமே காட்டினால் டிரான்சிஸ்டர் ஷார்ட். இரண்டு, அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில். கெபாசிட்டர்கள் நிரம்ப நிரம்ப எண் மெல்ல ஏறினால் நல்லது. சில ஓமிலேயே அசையாமல் நின்றால் அந்த லைனில் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. அது சிப்பாக இருக்கலாம், டாண்டலம் கெபாசிட்டராகவும் இருக்கலாம். டாண்டலம் போனால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் போகும்.

போர்டைத் தனியே எழுப்பிப் பார்ப்பது

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். முழு வேலையிலும் மிகப் பயனுள்ளது இதுதான்.

பழைய ரெகுலேட்டரைக் கழற்றி எடுத்துவிடுங்கள். புதியதை இன்னும் மாட்ட வேண்டாம். மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய பெஞ்ச் சப்ளை ஒன்றிலிருந்து, ரெகுலேட்டரின் அவுட்புட் கால் இருந்த துளைக்கும் கிரவுண்டுக்கும் நேராக மின்சாரம் கொடுங்கள். வரம்பை 100 மில்லி ஆம்பியரில் வைத்து, மின்னழுத்தத்தை 1 வோல்ட்டிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். சோல்டரிங் ஸ்டேஷனாக இருந்தால் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். பழுதான மைக்ரோகண்ட்ரோலர் ஹீட்டரை இடைவிடாமல் ஓடவிட வாய்ப்பு உண்டு.

5 வோல்ட் வரை ஏறி, சில பத்து மில்லி ஆம்பியர் மட்டும் எடுத்து, டிஸ்ப்ளே உயிர் பெற்றால் பெரிய நிம்மதி. போர்டு தப்பித்துவிட்டது. மாறாக 1 அல்லது 2 வோல்ட்டிலேயே 100 மில்லி ஆம்பியர் வரம்பு தொட்டுவிட்டால், அந்த மின்னோட்டத்தை இழுப்பது யார் என்று தேட வேண்டும். குறைந்த மின்னழுத்தம் என்பதால் விரலால் தொட்டே சூடான பாகத்தைக் கண்டுபிடிக்கலாம், வரம்பைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கலாம். போர்டின் மேல் சில சொட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டால் சூடான சிப்பின் மேல் அது முதலில் ஆவியாகும். எளிதில் தீப்பிடிக்கும் திரவம் அது, பக்கத்தில் சூடான அயர்ன் இருக்கக் கூடாது.

மைக்ரோகண்ட்ரோலர்தான் போயிருக்கிறது என்று தெரிந்தால், வெறும் சிப்பை வாங்கி வைத்தால் கருவி ஓடாது. அதற்குள் எழுதப்பட்டிருந்த நிரலான ஃபர்ம்வேரும் சேர்ந்தே போய்விட்டது. ஃபர்ம்வேர் வெளிப்படையாகக் கிடைக்கும் கருவிகளை மீட்கலாம், மற்றவற்றுக்கு முழுப் போர்டுதான் வழி. அளவுத்திருத்த எண்களைத் தனி நினைவகச் சிப்பில் வைத்திருக்கும் கருவிகளும் உண்டு. அந்தச் சிப் நன்றாக இருந்தால் அதைப் பத்திரமாக எடுத்துப் புதிய போர்டில் வைப்பது பல சமயம் பலன் தரும்.

புதியதை மாட்டும்போது

எண் ஒத்துப்போவது மட்டும் போதாது, கால்களின் வரிசையும் ஒத்துப்போக வேண்டும். 7805-ஐ எழுத்துப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக இன்புட், கிரவுண்டு, அவுட்புட். மைனஸ் 5 வோல்ட் தரும் 7905-இல் கிரவுண்டு, இன்புட், அவுட்புட். அவுட்புட்டை மாற்றி வைக்கக்கூடிய எல்எம்317-இல் அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். சின்ன டிரான்சிஸ்டர் போலத் தெரியும் 78எல்05-இன் தட்டையான முகத்தைப் பார்த்தால் அவுட்புட், கிரவுண்டு, இன்புட், அதாவது 7805-க்கு நேர் எதிர். பின்பக்க உலோகத் தகடும் ஒன்றுபோல் இல்லை. 7805-இல் அது கிரவுண்டு, எல்எம்317-இல் அவுட்புட், 7905-இல் இன்புட். இரண்டு வகைகளை ஒரே ஹீட் சிங்கில் திருகினால் நடுவில் மைக்கா அல்லது சிலிக்கோன் காப்புத் தாள் கட்டாயம். கழற்றும்போது இருந்த தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை நேராகத் திருகுவது அடிக்கடி நடக்கும் தவறு.

மாட்டிய பிறகும் உடனே போர்டோடு சேர்க்க வேண்டாம். பாதையைத் துண்டிக்க முடிந்தால், அவுட்புட்டில் 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து அளந்து பாருங்கள். 5 வோல்ட்டில் அது சுமார் 106 மில்லி ஆம்பியர் எடுக்கும். சில நிமிடம் அப்படியே ஓடவிட்டு, மின்னழுத்தம் அசையாமல் நிற்கிறதா, ரெகுலேட்டர் தொட முடியாத அளவுக்குச் சூடாகிறதா என்று பாருங்கள். நேராக மின் இணைப்பில் ஓடும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் கருவிகளை முதல் முறை போடும்போது தொடராக இணைத்த ஒரு பல்பு (சீரீஸ் பல்பு) வழியாகப் போடுவது நல்ல பழக்கம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், கருவி தப்பும். இதற்கு இழை உள்ள பழைய குண்டு பல்புதான் வேண்டும், எல்இடி ஆகாது.

அடுத்த முறை போர்டு தப்பிக்க

சரி, இப்போது ரெகுலேட்டர் மறுபடியும் போகும் என்றே வைத்துக்கொள்வோம். அது போனாலும் பின்னால் இருப்பவை பிழைக்க வேண்டும்.

மேலே சொன்ன 24 வோல்ட் ஸ்டேஷனுக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி ஒரு ரெசிஸ்டரும், குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கு மேல் ஏறாமல் நிறுத்தும் ஒரு ஜீனர் டையோடும்தான். கட்டுப்பாட்டுப் போர்டு 40 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7805-இன் இன்புட்டுக்கு முன்னால் 330 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்தால் அதில் சுமார் 13 வோல்ட் விழும். 7805-க்கு 32-க்குப் பதில் 19 வோல்ட்தான் போகும், விளிம்பில் நின்றது விலகி நிற்கும், வெப்பமும் குறையும். அதோடு அவுட்புட்டில் 5.6 வோல்ட், 1 வாட் ஜீனரைக் கிரவுண்டுக்கு வையுங்கள். என்றாவது 7805 ஷார்ட் ஆனாலும் அந்த ரெசிஸ்டர் வழியாகச் சுமார் 80 மில்லி ஆம்பியருக்கு மேல் வர முடியாது. அதை ஜீனர் அரை வாட்டுக்குள் தாங்கிக்கொண்டு, மைக்ரோகண்ட்ரோலருக்கு 5.6 வோல்ட் அளவிலேயே நிறுத்திவிடும். ரெசிஸ்டர் அப்போது 2.2 வாட் வரை சூடாகும் என்பதால் 3 வாட் வகையாக எடுக்க வேண்டும். உங்கள் போர்டு எடுக்கும் மின்னோட்டத்தை முதலில் அளந்து, ரெசிஸ்டரின் மதிப்பை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 7805-க்கு எப்போதும் குறைந்தது 7 வோல்ட் கிடைக்க வேண்டும்.

மின்னோட்டம் அதிகம் எடுக்கும் கருவிகளுக்கு ரெசிஸ்டர் சரிப்படாது. அங்கே குரோபார் சுற்று வேண்டும்: அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் தூண்டினால் மின்னோட்டத்தைப் பாயவிடும் சுவிட்ச் போன்ற ஒரு எஸ்சிஆர், அதன் தூண்டும் காலான கேட்டைத் தூண்ட ஒரு ஜீனர், ரெகுலேட்டருக்கு முன்னால் ஒரு ஃபியூஸ். 5 வோல்ட் லைனில் 5.6 வோல்ட் ஜீனர் வைத்தால் சுமார் 6.3 வோல்ட்டில் எஸ்சிஆர் திறந்து லைனையே ஷார்ட் செய்துவிடும், ஃபியூஸ் எரியும். 6.3 என்பது சில சிப்புகளின் வரம்புக்குச் சற்று மேலேதான், ஆனால் எஸ்சிஆர் மைக்ரோ நொடிகளில் வேலையை முடித்துவிடும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஜீனருக்குப் பதில் துல்லியமான ஜீனர் போலச் செயல்படும் டிஎல்431 சிப்பை வைத்துச் சுற்று அமைக்கலாம். ஃபியூஸ் இல்லாத குரோபார் ஆபத்து. எரிய வேண்டியது ஃபியூஸ், அது இல்லையென்றால் வேறு ஏதாவது எரியும்.

டிவிஎஸ் டையோடு ஒன்றை வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது ஒரு நொடியின் சிறு பகுதிக்கு வரும் உச்சங்களை விழுங்கத்தான், ரெகுலேட்டர் ஷார்ட் ஆகி நிலையாக வரும் 12 வோல்ட்டைத் தாங்க அல்ல. அதுவும் 5 வோல்ட் வகை டிவிஎஸ், பெரிய மின்னோட்டம் பாயும்போது 9 வோல்ட்டுக்கு மேல் வரை விட்டுவிடும்.

அவுட்புட்டில் பெரிய கெபாசிட்டர் இருந்தால், ரெகுலேட்டருக்குக் குறுக்கே அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு 1என்4007 டையோடு வையுங்கள், கோடு உள்ள முனை இன்புட் பக்கம். கருவியை அணைக்கும்போது இன்புட் முதலில் விழுந்தால், கெபாசிட்டரில் உள்ளது ரெகுலேட்டர் வழியாகப் பின்னோக்கிப் பாயாமல் இந்த டையோடு வழியாகப் போய்விடும். பேட்டரிக் கருவிகளில் தலைகீழ் இணைப்பைத் தடுக்க 1என்5819 போன்ற ஷாட்கி டையோடு ஒன்றைத் தொடரில் வைத்தால் போதும், அதில் விழும் மின்னழுத்தம் குறைவு.

பெஞ்ச் சப்ளையே போனால்

இது தனி வகை, ஏனென்றால் இங்கே அடி வாங்குவது கருவி அல்ல, அதில் இணைத்திருக்கும் உங்கள் போர்டு. பழைய நேரியல் சப்ளைகளில் 2என்3055 போன்ற டிரான்சிஸ்டர்கள் ஷார்ட் ஆனால், குமிழ் 3.3-இல் இருந்தாலும் வெளியே 30 வோல்ட்டுக்கு மேல் வரும். மின்னோட்ட வரம்பும் வேலை செய்யாது, ஏனென்றால் அந்த வரம்பும் அதே டிரான்சிஸ்டரை வைத்துத்தான் இயங்குகிறது. போர்டை இணைக்கும் முன் ஒவ்வொரு முறையும் தனி மீட்டரால் அவுட்புட்டை அளப்பது சில நொடி வேலை. விலையுயர்ந்த போர்டுகளில் வேலை செய்பவர்கள் சப்ளையின் வெளியீட்டிலும் ஒரு குரோபாரும் ஃபியூஸும் வைத்துக்கொள்வது நல்லது.

பழுது பார்த்தது அளக்கும் கருவியாக இருந்தால், அது மறுபடி எண்களைக் காட்டுகிறது என்பதற்காக அந்த எண்களை நம்பிவிடக் கூடாது. அளப்பதற்கு ஒப்பீட்டு மின்னழுத்தம் தரும் ரெஃபரன்ஸ் சிப், அதிக மின்னழுத்தம் கண்டு போகாமல் தப்பித்திருந்தாலும் சற்று நகர்ந்திருக்கலாம். வேறொரு நல்ல மீட்டரோடு ஒப்பிட்டு, 1 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று சில அளவுகளில் சரிபாருங்கள். ஒரு நாள் கழித்து மறுபடி பாருங்கள், சூடான பிறகும் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அந்த மீட்டரை மின் இணைப்பில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் வேலைக்கு எடுக்கவே கூடாது. ரெஃபரன்ஸை மாற்றி அளவு திருத்தும் வரை அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டி, தேதியையும் கண்ட வித்தியாசத்தையும் எழுதி வையுங்கள்.